புரட்டாசியில் வந்த தேதி

அமெரிக்காவில் ஓர் ஊரில் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடிக்கு இல்லை, புல்லுக்கு இல்லை, வீட்டுக்கு. டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருந்த தெருவில், கோடை பிறந்ததும் பக்கத்து வீட்டு டெபி சுவரோரமாக ஓட்டைகள் போட்ட ரப்பர் குழாயைப் பதித்துத் தண்ணீரைத் திறந்துவிடுவாள். வந்த புதிதில், பாவம் மூட மறந்துவிட்டாள் என்று நானே போய் மூடிவிட்டு வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அடியில் இருப்பது கறுப்புக் களிமண்ணாம். காய்ந்தால் சுருங்கி வெடிக்குமாம், வீடு ஒரு பக்கமாக இறங்கிவிடுமாம். எனக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நான் கரிசல்காட்டுக்காரி, வெடிப்புக்குள் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதவள். ஆனால் கரிசலைக் குழாய்த் தண்ணீர் கொடுத்து நேரப்படி சாந்தப்படுத்தி வைக்கலாம் என்பது எனக்குப் புதிது. மழை கொட்டுகிற நாளிலும் டெபியின் குழாய் தன் நேரத்துக்குத் திறந்துகொள்ளும். அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. மழை வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

என் அம்மாவோ அது ஒன்றைத்தான் கேட்பாள். ஃபோனை எடுத்ததும், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், "அங்கன மழை உண்டா?" என்பாள். புதூர்ப் பக்கம், கோவில்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர் எங்களுடையது. அப்பா போன பிறகு மூன்று ஏக்கர் காட்டை அவள்தான் பார்க்கிறாள். காடு என்றால் மரங்களைத் தேட வேண்டாம், மழையை நம்பி விதைக்கிற நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது. வானம் கொடுத்தால் உளுந்து, இல்லாவிட்டால் வெறும் மண். ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். அந்த வெயிலை விட்டு ஓடி வந்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது ஊர் அல்ல, அம்மா.

மகள் மதி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு விசிட்டர் விசா கேட்டுப் பதிந்தோம். பேறுகாலத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா? சென்னைத் தூதரகத்தில் நேர்காணலுக்குக் கிடைத்த தேதியைப் பார்த்துவிட்டு என் கணவர், வருடத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தப்பில்லை. இரண்டு வருடம் கழித்து, புரட்டாசியில் ஒரு நாள். மதி அதற்காகக் காத்திருக்கவில்லை. பிறந்தாள், கவிழ்ந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். அத்தனையையும் அம்மா உள்ளங்கை அகல ஃபோனில் பார்த்தாள். ஒருநாள் மதி ஃபோனை எடுத்துத் திருப்பி அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள். ஆச்சி அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று தேடினாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நீ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாதா என்று ஊரில் கேட்பீர்கள். என்னைப் போல் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். வேலை செய்ய எனக்கு அனுமதி இருந்தது, ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் காலம் முடிந்திருந்தது. அந்த நாட்டுக்குள் இருக்கும்வரை அதனால் குற்றமில்லை. வெளியே காலை வைத்தால், திரும்பி நுழைய நானும் அதே போன்ற ஒரு வரிசையில் நின்று புதிதாக வாங்க வேண்டும். அதுவரை வேலை எனக்காகக் காத்திருக்காது. ஆகவே ஒரே கதவுக்கு உள்ளே நான், வெளியே அவள். இதையெல்லாம் டெபியிடம் சொன்னபோது அவள் நெற்றியைச் சுருக்கினாள். "போன வருடம் நான் கோவா போனேனே, இந்திய விசா மூன்றே நாளில் ஃபோனுக்கு வந்துவிட்டது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் அம்மாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியவில்லையோ? நான் வேண்டுமானால் உதவட்டுமா?" என்று கேட்டாள். நல்ல மனுஷி. உண்மையாகவே கேட்டாள். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

தேதி நெருங்கியதும் அம்மாவைத் தயார்செய்தோம். எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நிலத்தின் பட்டாவைக் கொண்டுபோகச் சொல், மகன் ஊரில் இருப்பதை முதலில் சொல்லச் சொல், பேத்தி என்று சொல்லும்போது அழக் கூடாது என்று சொல். எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: போனவள் திரும்பி வருவாளா? வருவாள் என்று காட்டுவது அவள் பொறுப்பு. காட்டும்வரை, தங்கிவிட வந்தவள் என்றுதான் அவளைப் பார்ப்பார்கள். கோவில்பட்டியில் செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தம்பி அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒத்திகை நடத்தினான். நான் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அங்கேயே தங்கிரமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஏலே, அங்கன தங்கி நான் என்னத்தச் செய்ய? எங் காட்டை ஒங்க ஆபீசரா வந்து பாப்பாரு?"

"எம்மா, அப்படிப் பேசக் கூடாது. சிரிச்ச மொகமாச் சொல்லணும்."

"கேக்கவன் சிரிச்சுக்கிட்டா கேக்கான்?"

அவள் அதிகாரியிடமும் இப்படித்தான் பேசுவாள் என்று பயந்தேன். அப்படியாவது பேசியிருக்கலாம். நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் சென்னை ரயில் ஏற வேண்டும். டல்லாஸில் அப்போது காலை. மதியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி கூப்பிட்டான். "எக்கா, அம்மா வரமாட்டேங்கா" என்றான். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவன் ஃபோனை அவளிடம் கொடுத்தான்.

"ஏட்டி, பெஞ்ச மழை நின்னுட்டு. மண்ணு இப்பத்தான் கால்ல ஒட்டாமப் பதமா இருக்கு. நாளைக்கு விதைச்சாத்தான் உண்டு. வெயிலடிச்சா இறுகிப் போவும், மறுக்க மழை விழுந்தா காட்டுக்குள்ள காலு வைக்க முடியாது. விதைக்க டிராக்டர் ஊருக்கே ஒண்ணுதான். விடியக்காலம் நம்ம மொறை."

"தம்பியை நின்னு பாத்துக்கச் சொல்லும்மா."

"அவனா? அவனுக்கு உளுந்துச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியுமாக்கும்?"

"ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்த தேதிம்மா!"

"நானும் அம்புட்டு நாளா மழைக்குத்தான் காத்துக் கெடந்தேன். போன வருசம் போட்ட விதை மொளைக்கவே இல்ல. அவிய பாட்டுக்குத் தேதி குடுத்துட்டாவ. மழை என்ன அவியளக் கேட்டா வருது?"

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "ஒன் பேத்தியை விட உளுந்து பெரிசாப் போச்சா?"

"அப்படித்தான் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் தேதியை மாற்றவும் வழியில்லை. மறுநாள் சென்னையில் அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த நேரம் அவள் டிராக்டருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் படத்தைக்கூட மதிக்குக் காட்டவில்லை. அவ்வளவு கோபம். டெபி விசாரித்தாள், அம்மாவுக்கு விசா கிடைத்ததா என்று. அம்மா போகவே இல்லை என்றேன். ஏன் என்றாள். ஊரில் மழை பெய்துவிட்டது என்றேன். அவள் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! வெள்ளமா? வீடு பத்திரமாக இருக்கிறதா?" வெள்ளமெல்லாம் இல்லை, நல்ல மழை என்றேன். "நான் மிகவும் வருந்துகிறேன்" என்று என் தோளைத் தடவிக்கொடுத்தாள். புதூர்ப் பக்கம் மழை பெய்ததற்காக ஒருவர் துக்கம் விசாரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்தும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது என் கோபம் அம்மாவிடம் இல்லை.

அம்மாவைப் பற்றி விசா கொடுப்பவர்களுக்கு இருந்த ஒரே சந்தேகம், போனால் திரும்ப மாட்டாள் என்பது. அவளோ தன் காட்டை விட்டு இரண்டு நாள் சென்னைக்குக்கூடப் போகவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி எந்தப் பட்டாவில் இருக்கிறது? ஆனால் அந்தச் சாட்சியை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வராதவர் என்று மட்டும்தான் பதிவாகியிருக்கும். எங்கள் குழுவில் ஒருவர், உடம்பு சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு மறுபடி பதிந்துகொள் என்றார். எதற்கு மன்னிப்பு? விதைத்ததற்கா? எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குழுவில் இப்படிப் பேசினால் நமக்குத்தான் கெடுதல் என்று அவர் எச்சரித்தார். இத்தனை வருடம் வாயைப் பொத்தி, சிரித்த முகமாக நின்றதில் என்ன கிடைத்தது என்று கேட்டேன்.

அம்மாவே கூப்பிட்டாள். "மொளைச்சிட்டு" என்றாள். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மறுபடி பதியட்டுமா என்று கேட்டேன். "பதி. ஆனா அவியகிட்டச் சொல்லிரு. சித்திரை, வைகாசி, ஆனி. இதுக்குள்ள ஒரு தேதி குடுத்தா வாரேன். ஆவணி பொறந்துட்டா உழவு, விதைப்புன்னு சரியாப் போவும். எனக்கு வசதிப்படாது." அந்த நாட்டின் அலுவலகத்துக்கு என் அம்மா தேதி கொடுத்தாள்! எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்கவில்லை. கணினியைத் திறந்தேன். அது காட்டிய தேதி மறுபடியும் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளி, ஐப்பசியில். மூடிவிட்டேன். அவள் வர வேண்டாம், நான் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"போனா எப்படித் திரும்பி வருவே?" என்றார். தெரியாது என்றேன். வேலையிடத்தில் மேலாளர் அதையே ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கும் அதே பதில். விடுப்பு முடிந்தால் இடத்தை வைத்திருக்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். நானும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் கணவர் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. விமான நிலையத்தில் அவர் மதியை என்னிடம் கொடுக்க இரண்டு முறை கையை நீட்டி, இரண்டு முறையும் இழுத்துக்கொண்டார். மதி அமெரிக்கப் பிறப்பு. அவளுக்கு எடுத்த இந்தியச் சுற்றுலா விசா டெபி சொன்னபடியே மூன்று நாளில் என் ஃபோனுக்கு வந்திருந்தது. அவள் ஆச்சிக்கு இரண்டு வருடத்தில் கிடைக்காதது. சென்னையில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரி அவளுடைய நீலப் பாஸ்போர்ட்டைப் புரட்டி, வந்த நோக்கம் சுற்றுலாவா என்று என்னைக் கேட்டார். இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணியின் எச்சில் என் தோளில் வழிந்தது. ஆமாம் என்றேன்.

மார்கழிக் கடைசி. அம்மா எங்களை அழைக்க ரயிலடிக்கு வரவில்லை, உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். தம்பி வண்டியை நேராகக் காட்டுக்கே விட்டான். காய் முற்றி நெத்தாகிவிட்ட செடிகளைக் குத்துக் குத்தாகப் போட்டுக்கொண்டே வந்தவள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தாள். மதி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள், கிட்ட வந்தாள், தொடவில்லை. அவள் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தேன்.

"எத்தனை நாளைக்கு இருப்பிய?"

"மதிக்கு ஆனி வரைக்கும்தான் விசா. அதுக்கு மேல இருக்கக் கூடாது."

"அவளுக்கு எதுக்குட்டி விசா?"

"அவ அந்த நாட்டுப் பிள்ளைம்மா. இங்கன அவ விசிட்டரு."

அம்மா என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங் காட்டுல நிக்க எம் பேத்திக்கு விசாவா?" என்றாள். மதியை என் இடுப்பிலிருந்து பறித்தெடுத்து, பிடுங்கிய செடிகளுக்கு நடுவே ஈர மண்ணில் நிறுத்தினாள். மதி வீரிட்டாள். அம்மா தூக்கவில்லை, பக்கத்தில் குத்தவைத்து அவள் விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். "நில்லுட்டி. எவன் வந்து கேக்கான்னு பாப்போம்" என்றாள்.

மதியின் விசா ஆனியில் முடிகிறது. நான் திரும்பி நுழைய எனக்குக் கிடைத்திருக்கும் நேர்காணல் தேதி ஆவணியில். நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் என் மகள் இங்கே இருக்கக் கூடாதவள், நான் அங்கே போக முடியாதவள். அப்போது இரண்டு பேரும் அம்மாவின் காட்டில்தான் நிற்போம். கேட்கிறவர்கள் இந்தக் கரிசலில் இறங்கி வந்து கேட்கட்டும்.