யார் மடியில் காது குத்துவது

மலைமேல் அரியூர் நாட்டுச் சின்னக்கண்ணுவுக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று. மகன் அப்பாசாமி மூத்தவன், மகள் ருக்குமணி. ருக்குமணி பெற்ற பையன்கள் இருவரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிறகு அவள் வீட்டுக்கு வந்த பிள்ளைதான் சுமித்ரா. வயிற்றுப் பிள்ளையும் இல்லை, தத்துப் பிள்ளையும் இல்லை. எடப்புளி நாட்டுப் பொன்னம்மாளின் மகள். பொன்னம்மாளின் புருசன் போன இடம் தெரியவில்லை. அவளோ காசநோய் முற்றி, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

அவள் தேறி வரும்வரை பிள்ளையை வைத்து வளர்க்க ஒரு குடும்பம் வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழு தேடியபோது ருக்குமணி முன்வந்தாள். வந்து வீட்டைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், புருசன் வேல்முருகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் கொடுத்தார்கள். பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் பேங்கில் பணம் விழுந்தது. பிள்ளை தூக்கத்தில் அலறிய காலத்தில், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் தாமரைச்செல்வி நாமக்கல்லில் இருந்து மலையேறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசியே அதைத் தெளிய வைத்தாள். “எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்கக்கா” என்று சொல்லியிருந்தாள்.

ஒரு காரியத்துக்கு மட்டும் ருக்குமணி போன் போடவில்லை.

பிள்ளைக்கு ஐந்து வயசாகியும் காது குத்தாமல் மூளியாகக் கிடந்தது. செம்மேட்டுச் சந்தையில் ஊர்க்காரி குழந்தையம்மாள் நாலு பேர் கேட்க, “ஏனுங்க, சர்க்கார் புள்ளைக்குச் சர்க்காரே வந்துதான் காது குத்தோணுமா?” என்று கேட்டுவிட்டாள். ருக்குமணிக்கு முகம் செத்துப்போயிற்று.

அண்ணன் அப்பாசாமிதான் வழி சொன்னான். “எம்மடில உக்கார வெச்சுக் குத்து புள்ள. அப்பறம் எவ வந்து கேக்கறான்னு பாக்கலாம்.”

தாய்மாமன் மடி என்றால் சும்மா இல்லை. எவன் மடியில் காது குத்துகிறார்களோ அவன்தான் மாமன். அவன் கூடப்பிறந்தவள்தான் தாய். ருக்குமணிக்கு அது தெரியும். தெரிந்துதான் நாள் குறித்தாள்.

அன்று வாசல் நிறையச் சனம். சுமித்ரா புதுப்பாவாடையோடு அப்பாசாமி மடியில் இருந்தாள். ஆசாரி கம்பியை நீவிக்கொண்டிருந்தபோது தாமரைச்செல்வி பஸ் இறங்கி வந்தாள். வழக்கமாகப் பிள்ளையைப் பார்க்க வருகிறவள்தான். கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“பொன்னம்மா கிட்டக் கேட்டீங்களாக்கா?”

ருக்குமணி ஆசாரி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவிங்களுக்கு ஒடம்பு தேறிருச்சு. சீக்கிரமே ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“ஆசாரீ, நேரம் தப்புது. நீங்க பாருங்க” என்றான் அப்பாசாமி. ஆசாரியின் கை பிள்ளையின் காதுக்குப் போயிற்று.

“குத்துனாப் புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவீங்களா?” ருக்குமணி கேட்கவும் ஆசாரியின் கை நின்றது.

“அது குழுவோட முடிவுங்கக்கா. நான் அவிங்க கிட்ட மறைக்க முடியாது. முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா நானே பேச வெச்சிருப்பேன். இப்பவும் பேசுங்க.” நம்பரைப் போட்டு நீட்டினாள்.

போனில் முதலில் இருமல் வந்தது. பிறகுதான் பொன்னம்மாள் வந்தாள். “அக்கா? புள்ளைக்கு ஒண்ணுமில்லயே?”

“ஒண்ணுமில்ல அம்மிணி. காது குத்தலாம்னு…”

“யார் மடிலீங்க்கா?”

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “எங்கண்ணன் மடில.”

“எங்கண்ணன் குப்புசாமி உசுரோடதான் இருக்கறானுங்க்கா. நானும் உசுரோடதான் இருக்கறேன்.”

ருக்குமணி ஒரு கையில் போனைப் பிடித்தபடியே, மறுகையால் பிள்ளையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பாசாமி துண்டை உதறி எழுந்தான். “சபைல வெச்சு என்னயக் கேவலப்படுத்திட்டியே. இனி எம்மூஞ்சில முழிக்காத.” இலையில் போட்டிருந்த சோற்றைத் திரும்பியும் பார்க்காமல் போனான்.

“எறக்கிட்டேன் அம்மிணி. குத்தல” என்றாள் ருக்குமணி.

பொன்னம்மாள் அழுதாள். “மேடம் இருக்கறாங்களா? இதுக்காவப் புள்ளய வேற ஊட்டுக்கு மாத்த வேண்டாம்னு சொல்லுங்கக்கா. குழுவுலயும் நானே சொல்றேன். நான் வர்ற வரைக்கும் உங்க கிட்டயே இருக்கட்டும்.”

வர்ற வரைக்கும். ருக்குமணி அந்தச் சொல்லைத் தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். போனைச் சுமித்ராவின் காதில் வைத்தாள்.

“பேசு சாமி. உங்கம்மா.”

ருக்குமணியையே அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை, அவள் முகத்தைப் பார்த்து விழித்தது.

“உங்கம்மாதான் சாமி. பேசு.”