டியூனரிடம் காட்டாத பதினோரு பயணங்கள்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முத்திரை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதும், அளவு சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்திவிட்டு வருவதும் அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதேதான். தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒட்டி வைத்து வியாபாரம் செய்தவர்கள் எத்தனையோ பேர் அவரிடம் சிக்கியிருக்கிறார்கள். கடைக்காரர் பிரியத்தோடு நீட்டுகிற தேநீரைக்கூட வாங்கமாட்டார். "அந்த ஆளு தன் நிழலையே எடை போட்டுப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டு வருவாரு" என்று கடைவீதியில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு விஷயத்தில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டினார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. ஐந்து கதவுச் சின்ன வண்டி. வெளியே பார்த்தால் காய்கறி வாங்கப் புறப்பட்டதுபோல் சாதுவாக நிற்கும். உள்ளே இருப்பது டர்போ வைத்த முரட்டு எஞ்சின். ஹாட் ஹேட்ச் என்பார்கள் அந்த வகை வண்டியை. மனிதருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சினிமாகூடக் கிடையாது. நாற்பத்து நான்கு வயதில் அவருக்கு இருந்த ஒரே சபலம் அந்தக் கார்தான். காலையில் மேம்பாலம் ஏறியதும் மிதியை அழுத்தி, முதுகு இருக்கையில் போய் ஒட்டுகிற அந்த நான்கு நொடிக்காகவே ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்குப் போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவர் அலுவலக வேனில் சோதனைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் கார் மனைவிக்கு. அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நோயாளி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்காலில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதம் வீட்டிலேயே கிடந்துவிட்டு, பிறகுதான் மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து சாவியை மேசையில் வைத்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை அவரும் பார்த்தார். பார்த்தவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டர்போ போடவேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் புகுந்தது. டியூனரிடம் போனார். எஞ்சினைப் பிரித்து, கம்ப்யூட்டரில் மாட்டி, வேகம் கூட்டித் தருகிறவர் அவர். பேச்சு குறைவு.

"டர்போன்னா எஞ்சினுக்குக் காத்து ஊதுறது, அவ்வளவுதான் சார். ரெண்டு இருக்கு. இது, இப்ப இருக்கிற கூட்டுக்குள்ளயே கொஞ்சம் பெரிய சக்கரம். மிதிச்ச உடனே முழிச்சுக்கும். தினம் ஓட்டுறவங்களுக்கு இதான் சரி. இன்னொண்ணு பெருசு. எஞ்சின் சுத்துற வேகம் மூவாயிரத்தைந்நூறு ஆர்பிஎம் தொடுற வரைக்கும் தூங்கும். அதுக்கப்புறம் பிடிக்க முடியாது."

"எனக்குப் பெருசுதான்..."

"உங்களக் கேக்கல சார். எல்லாரும் பெருசுன்னுதான் சொல்வாங்க. இந்தக் கருவிய வண்டியில மாட்டி ரெண்டு வாரம் ஓட்டுங்க. வண்டி எங்க, எப்படி ஓடுதுன்னு இது எழுதி வெச்சுக்கும். அதப் பாத்துட்டு நான் சொல்றேன்." தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கையில் கொடுத்தார். "ஓட்டுறவங்க பொய் சொல்வாங்க. இது சொல்லாது."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் லேப்டாப்பில் அந்தப் பதிவுகளைத் திறந்தார். மொத்தம் இருபத்தொன்பது பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. அவர் ஓட்டியவை மலைமாதிரி ஏறி இறங்கின. மனைவி ஓட்டிய பதினொன்றும் இரண்டாயிரத்தைந்நூறு ஆர்பிஎம்மைத் தாண்டவேயில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், சின்ன டர்போதான் என்று.

அவர் யோசித்தார். தராசைச் சோதிக்கும்போது ஜன்னல் வழியாகக் காற்று அடித்தால் முள் ஆடும். அந்த அளவைச் சேர்க்காமல் தள்ளிவிட்டு, மறுபடி எடுப்பார்கள். அது ஏமாற்று இல்லை, தொழில் முறை. இதுவும் அதே மாதிரிதான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். வண்டி அவருடையது. அவர் ஓட்டுவதுதான் அளவு. அவள் ஓட்டியது காற்று. பதினொன்றையும் அழித்தார். சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

டியூனர் பதிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ரோட்டுல பாதி நேரம் பறக்குறீங்களே சார். வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

நாக்கு கூசவில்லை. அதுதான் பிற்பாடு அவரை அதிகம் உறுத்தியது. பெரிய டர்போ ஏறியது. வீட்டில் "சர்வீஸ் பண்ணினேன்" என்றார். வண்டியில் ஏதோ விசில் சத்தம் வருகிறதே என்று மனைவி கேட்டபோது "ஃபில்டர் மாத்தினாங்க" என்றார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணைக்கு வேண்டும் என்பார்கள். அவருக்கு இரண்டே போதுமாக இருந்தது. அவள் அவரை அவ்வளவு நம்பினாள்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. சிக்னல் இல்லாத ஒரு நாற்சந்தி. அவள் வண்டி எடுக்கிற நாளெல்லாம் கடக்கிற இடம். தூரத்தில் ஒரு லாரி. எப்போதும் போல இடைவெளியைக் கணக்குப் பார்த்து மிதியை அழுத்தினாள். வண்டி எழவில்லை. இன்னும் அழுத்தினாள். நடுச்சாலையில் ஊர்ந்தது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பயத்தில் தரையோடு தரையாக அழுத்தினாள். அப்போதுதான் டர்போ முழித்தது. வண்டி பாய்ந்துபோய் எதிர்ப்பக்கத்து விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, "ஓட்டத் தெரியலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று கத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவள் வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழுத்தினேன்னுதான் நெனச்சேங்க. ஆனா கால் அழுத்தல போல. அப்புறம் பதறிப்போய் ஒரேயடியா அழுத்திட்டேன். என் கால் என்னை ஏமாத்திடுச்சு."

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். கால் இல்லை, கார். வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு. "விடும்மா. அடி பட்டது வண்டிக்குத்தானே."

அன்று சாயங்காலம் அவள் தன் அக்காவிடம் போனில் பேசுவது அடுத்த அறையிலிருந்து கேட்டது. "ஒரு வார்த்தை திட்டல அக்கா. உயிரா வெச்சிருக்கிற வண்டி. வேற ஆம்பளையா இருந்தா வீட்ட ரெண்டு பண்ணியிருப்பாங்க." முத்திரைக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இல்லையா.

முன்பக்கம் பழுது பார்த்து வண்டி திரும்பி வந்தது. அவள் தொடவில்லை. இரண்டு பஸ் மாறி நோயாளிகள் வீட்டுக்குப் போனாள். ஆறு வீடு நான்கு ஆனது, நான்கு மூன்று ஆனது. டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவள் நம்பவில்லை. முத்திரை மேம்பாலத்தில் வண்டியைத் தட்டிவிடுவதை நிறுத்திவிட்டார். அந்த விசில் சத்தம் கேட்டாலே மிதியிலிருந்து காலை எடுத்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரம் ஓடியது. சொல்ல வேண்டியது நாள் ஆக ஆகக் கனத்துக்கொண்டே போனது. எடை பார்க்கத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் இருந்த எடை மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. நான் காலால அழுத்துறேன், நம்பர் எவ்வளவுன்னு சொல்லுங்க."

இடது காலால் அழுத்தினாள். முப்பத்தொன்று. வலது காலால் அழுத்தினாள். முப்பத்துமூன்று. மறுபடி. மறுபடி. அவர் மெஷின் பக்கத்தில் குனிந்து நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். வலது கால் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

"மெஷின் தப்புக் காட்டுது. உங்க படிக்கல்ல வெச்சுப் பாருங்க."

அவர் சோதனைப் பெட்டியைத் திறந்து, பித்தளை எடைகளை ஒவ்வொன்றாக மெஷின்மேல் அடுக்கினார். இருபது கிலோ வைத்தால் இருபது காட்டியது. பத்தொன்பது வருடத்தில் சரியான ஒரு மெஷினை அவர் இவ்வளவு வெறுத்ததில்லை.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "அப்போ மெஷின் சரி. காலும் சரி. என் புத்திதான் சரியில்ல. நாளைக்கு ராஜினாமா லெட்டர் கொடுத்துடறேங்க. ஆஸ்பத்திரியில ரெஜிஸ்டர் எழுதற வேலை காலியா இருக்காம். இனிமே வீட்டுக்கெல்லாம் போகமாட்டேன்."

லெட்டர் ஏற்கெனவே எழுதி, மடித்து, கைப்பைக்குள் இருந்தது. பன்னிரண்டு வருடம் செய்த வேலை ஒரு மடிப்புக்குள் அடங்கியிருந்தது.

"உன் புத்தியில ஒண்ணும் இல்ல," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தரையில் எடைகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு டர்போ, பதினோரு பதிவுகள், நான் மட்டும்தான் என்று சொன்னது, ஃபில்டர் என்று சொன்னது. "மிதிச்சா ரெண்டு நொடி தூங்கிட்டு அப்புறம்தான் அந்த வண்டி எழும். நீ சரியாத்தான் அழுத்தின."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"டர்போ மாத்தினது உங்க ஆசை. அத விடுங்க," என்றாள். "இப்ப நான் பைத்தியக்காரி மாதிரி செவுத்த உதைச்சிட்டு இருந்தேனே. பக்கத்துல நின்னு நம்பர் படிச்சீங்களே. எப்படிப் படிச்சீங்க?"

அவள் லெட்டரை எடுத்துக் கிழித்தாள். அது மன்னிப்பு என்று அவர் ஒரு கணம் நினைத்துவிட்டார். "என் வேலைய நான் எதுக்கு விடணும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளே பழைய டர்போவைத் திரும்பப் போட வைத்தார். புதிதாக எதைப் போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை அவள் ஓட்டுகிற பதிவை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்றாள். தீப்பெட்டிக் கருவி மறுபடி வண்டியில் ஏறியது. இரண்டு வாரம் அவள் மட்டும் ஓட்டினாள். அவர் பஸ்ஸில் போனார். வீட்டில் சாப்பாடு, பால், கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை.

கருவியை அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் வழியில் திறந்துகூடப் பார்க்காமல் டியூனரிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை எதையும் எடுத்துடலையே?" டியூனருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முத்திரைதான் பழையதைப் போட வந்த அன்றே சொல்லியிருந்தாரே.

"இல்ல."

டியூனர் திரையில் ஒவ்வொரு கோடாகத் தள்ளிக்கொண்டே வந்தார். "நல்லா ஓட்டுறாங்க சார். உங்களவிட நிதானம். சின்னதே போதும். உண்மையச் சொன்னா அதுவும் தேவையில்ல." பிறகு ஓர் இடத்தில் கை நின்றது. அடுத்த பயணத்தைத் திறந்தார். அதற்கடுத்ததை. "இதென்ன? தினமும் ஒரே இடத்துல எஞ்சின் ஓடுது, வண்டி நகரவே இல்ல. நாலு நிமிஷம். இங்க பாருங்க, ஆறு நிமிஷம். அந்த ரோட்டுல ஏதாவது வேலை நடக்குதா?"

முத்திரை குனிந்து பார்த்தார். எந்த ஏற்றமும் இறக்கமும் இல்லாத தட்டையான கோடு. அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். தூரத்தில் ஒரு வண்டிகூட இல்லாமல் சாலை முழுவதும் காலியாகும்வரை, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைப் பொறுத்துக்கொண்டு, அவள் மிதியின்மேல் கால் வைத்துக் காத்திருக்கிற நாற்சந்தி.

"ரோட்டுல ஒண்ணும் இல்ல," என்றார். "அது நான் பண்ணினது."

டியூனர் கருவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். டர்போவைப் பற்றி இருவரும் அதன் பிறகு பேசவில்லை.