ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

எங்கள் பழைய காரில் ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி போனது. எழுபது வயதான நான், மெக்கானிக் செலவுக்கு அஞ்சி, வயல் பம்புசெட்டில் செய்வதுபோல ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சொருகினேன். விளக்கு எரிந்தது.

அந்தி நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு மன்னார்குடிக்குப் போகும்போது மனைவி, “கருகுற வாடை வருதுங்க, நிறுத்துங்க” என்றாள்.

“படிச்சவன் நானா, நீயா? பேசாம வா” என்று சீறினேன்.

சற்று நேரத்தில் டேஷ்போர்டின் அடியில் தீப்பிடித்து அவள் சேலைக்குத் தாவியது. வண்டியை நிறுத்தி வெறுங்கையால் அணைத்தேன். அதற்குள் அவள் கால் வெந்துவிட்டது.

“உங்க கம்பி உருகலை. நான்தான் வெந்தேன். சந்தோஷமா?” என்றாள்.

எலி கடித்த வயர் காரின் இரும்பு பாடியில் உரசியதே கோளாறு என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இப்போது ஃபியூஸ் போனால், முதலில் வயரைத்தான் பார்க்கிறேன். அவளோ இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறாள்.