மூன்றடி

அடையாறில் மகளின் பள்ளி ஹேண்ட்பால் ஆட்டம். அவள் பந்தோடு நாலாவது அடி வைத்ததுமே "போச்சு" என்று கத்திவிட்டேன். ரெஃப்ரியின் விசில் பிறகுதான் வந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு முகம் சுட்டது.

அப்பா ஹாக்கி ஆட்டக்காரர். கல்லூரியில் கோச் ஆனதும் ஹாக்கி, வாலிபால், கபடி என்று எதைக் கொடுத்தாலும் தலையாட்டினார். ஒரு வருஷம், அவர் பார்த்தேயிராத ஹேண்ட்பாலைக் கொடுத்தார்கள். ரூல் புக் இங்கிலீஷில் இருந்தது. கான்வென்டில் படித்த நான் ராயப்பேட்டை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா வியர்வையும் தைலமும் மணக்க, சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் புரிந்துகொள்வார். கீழே தோழிகள் பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி, "முடிஞ்சிதுப்பா" என்றேன். பந்தோடு மூன்றடிக்கு மேல் வைக்கக்கூடாது என்பது அதில்தான் இருந்தது.

முதல் மேட்சில் அவர் டீம் பிள்ளைகள் ஓட ஓட விசில். அப்பா சண்டைக்குப் போனார். "புக்ல அப்டி ஒண்ணுமே இல்ல சார். எம்பொண்ணு படிச்சிது!"

ரெஃப்ரி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். மைதானமே சிரித்தது. நானும் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன்.

திரும்பும் வழியில் அப்பாவே சொன்னார்: "பக்கம் ஒட்டிக்கினு இருந்திருக்கும். நீ இன்னா பண்ணுவே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் பேஸ்கட்பால். அந்தப் புத்தகத்தையும் என்னிடமே நீட்டினார்.

ஆட்டம் முடிந்து மகள் ஓடிவந்தாள். "விசிலுக்கு முன்னாடியே கத்துனியே, உனக்கு எப்படிம்மா ரூல் தெரியும்?"

"தாத்தா சொல்லிக் கொடுத்தாரு" என்றேன்.