தண்ணீருக்கு நான் கொடுத்த விளக்கம்

எழுபதுகளின் கடைசியில், கடற்கரை ஓட்டல்களை வரைந்தே நான் கட்டடக் கலைஞன் என்று பெயர் வாங்கியிருந்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத தங்கள் ஆட்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று எங்கள் தீவின் தேர் ரூஜ் ஊர்க்காரர்கள் கேட்டபோது, பழக்கதோஷத்தில் என் கை ஒரு நீச்சல்குளத்தை வரைந்துவிட்டது. ஆழத்தைக் குறைத்து, பின்னால் பிளந்த கருங்கல் சுவர் ஒன்றை நிறுத்தி, இதுதான் நவீனம் என்றேன்.

திறப்பு விழாவில் பிரெஞ்சில் நெடுநேரம் பேசினேன். பிளவு என்பது பிரிந்த குடும்பங்கள், தண்ணீர் என்பது தாய்மார்களின் கண்ணீர் என்று சொன்னபோது என் குரலே தழுதழுத்தது. முன்வரிசையில் என் மனைவி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். என் ஓட்டல் வரைபடங்களையெல்லாம் பார்த்தவள் அவள்.

கூட்டம் கலைந்ததும், அந்தப் போரில் எகிப்துப் பாலைவனத்துக்குப் போய்த் திரும்பிய பெரியவர் ஒருவர் குளத்தில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பேச்சு எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"மிஸ்யே, தண்ணி வெச்சீங்களே, அதான் சரி," என்று தீவுப் பேச்சான கிரியோலில் சொன்னார். "அங்க என் கூட்டாளி சாகறப்போ தண்ணிதான் கேட்டான். என்கிட்ட இல்லை. நாங்க தவிச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"யோசிச்சேன், மாமா," என்றேன்.

மறுநாள் வானொலியிலிருந்து வந்தவர் கேட்டபோது, தண்ணீர் என்பது வீரர்களின் தாகம் என்றேன். கண்ணீரைச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.