கை வைக்காத டிரைவர்

சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கௌஸ் பாஷாவின் வேலை, லாரியை ஓட்டாமல் இருப்பது. அதற்குச் சம்பளமும் உண்டு, சீருடையும் உண்டு. லாரி தானாகவே ஓடும். தொழிற்சாலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே ஓடும் சாலையில் போய், குடோனில் இறக்கிவிட்டுத் திரும்பும். ஏதாவது கோளாறானால் மட்டும் பாஷா ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டும்.

டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் லோடு அடித்த மனிதரைக் கை கட்டி உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் சில வாரம் அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவருக்கு லாரியின் மேல் பிரியம் வந்துவிட்டது. "மெதுவா, மெதுவா, ஆங், அப்படித்தான்" என்று பக்கத்தில் யாரோ இருப்பதுபோலப் பேசிக்கொண்டே வருவார். டீக்கடையில் பெருமை வேறு.

"நேத்து குடோன் வளைவுல ஒரு திருப்பு திருப்புனோம் பாரு, சின்னராஜ்."

பெட்டி ஏற்றும் சின்னராஜ் சிரிக்காமல் கேட்பான். "திருப்புனது நீங்களா பாய், அதுவா?"

"ரெண்டு பேரும்தான்."

லாரி எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த சீட்டுக்கு ஆள் வேண்டாமல் போகும். இது பாஷாவுக்கும் தெரியும். ஆனால் இதைப் பற்றிக் கவலைப்பட்டது அவர் மனைவி பேகம்தான்.

"ஏங்க, தெனம் ஒரு வாட்டியாவது ஸ்டியரிங்க லேசா புடிங்களேன். நீங்க வேணும்னு அவங்களுக்குத் தோணட்டும்."

"ஒழுங்கா ஓட்டறவன் கையப் போயி புடிக்கலாமா? கேவலமில்ல?"

யாருக்குக் கேவலம் என்று பேகம் கேட்கவில்லை. இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடப் போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கே, நல்ல நாளாக இருக்கிறதென்று, சீட்டில் ஆளில்லாமல் லாரியை ஓட்டிப் பார்ப்பதென முதலாளி நாராயணப்பன் முடிவு செய்தார். சரியாக ஓடினால் சீட் இனி காலி. பெங்களூரிலிருந்து விருந்தாளிகளையும் அழைத்திருந்தார்.

லாரித் தொழிலில் ஆயுத பூஜைக்கு மதம் கிடையாது. கற்பூரம் காட்டுவதைச் சின்னராஜிடம் விட்டுவிட்டார் பாஷா. வண்டியைச் சிங்காரிப்பது டிரைவர் பொறுப்பு, அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காலையிலேயே வந்து லாரியைக் கழுவினார். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். வழி பார்ப்பதற்காகக் கூரைமேல் சுற்றும் டப்பாவுக்குச் சாமந்தி மாலை. பிறகு, ஹெட்லைட்டுக்கு வைப்பதுபோலவே, சின்னச் சின்னக் கேமராக் கண் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தார்.

பூஜை முடிந்து பொறியாளர் ரெனிட்டா மடிக்கணினியில் தட்டினாள். லாரி அசையவில்லை. மறுபடி தட்டினாள். வாழைத்தோப்புக்குள் கண்ணைக் கட்டி விட்டதுபோல அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பாஷாண்ணா, கேமராவுக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான் மேடம். ஏன், நல்லால்லியா?"

நாராயணப்பன் சிரித்துவிட்டார். "ஜோரா வேல பண்ணிருக்கப்பா. சீட்ட விட மனசில்ல, இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பாஷாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இருந்திருந்தால் எப்போதோ சொந்த லாரி வாங்கியிருப்பார்.

ரெனிட்டா நல்ல பெண். தாழ்ந்த குரலில் முதலாளியிடம், "பூஜையன்னிக்குச் சந்தனத்தத் தொடச்சா நல்லாருக்காது சார். இன்னும் ஒரு வருஷம் அண்ணாவ உக்கார வெச்சே ஓட்டலாம், அடுத்த ஆயுத பூஜைக்குப் பாக்கலாம்" என்றாள். நாராயணப்பனும் சகுனம் பார்க்கிறவர், தலையை ஆட்டினார்.

முழுசாக ஒரு வருஷம். பாஷா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் விருந்தாளிகளில் ஒருவர், "இவ்வளவுதானா இந்த வண்டி" என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"வண்டி மேல தப்பில்லீங்க" என்றபடி அவர் ஏணியைப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றினார். கர்சீப்பை நனைத்து ஒவ்வொரு கண்ணாகத் துடைத்தார். வாழைக்கன்றுகளை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்தார். கீழே இறங்கி, "இப்பப் போகும் பாருங்க" என்றார்.

போனது. கைதட்டியவர்களில் முதல் ஆள் பாஷா.

மதியம் வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் அவர் சாப்பிடவில்லை. பேகம் குழம்பு ஊற்றினாள்.

"சீட் என்னாச்சுங்க?"

"குடோன் வளைவு இருக்கில்ல? அங்க ஒரு ஆட்டோ நின்னுச்சு. ஒதுங்கி, வேகத்தக் கொறச்சு, அப்படியே வளைஞ்சு…" அவருடைய இரண்டு கையும் தட்டுக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டின. "நானா இருந்தாக்கூட அப்படித்தான் திருப்பிருப்பேன்."

பேகம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் கைகள் அந்தரத்திலேயே நின்றன.

"நான் இல்லாமயே போச்சு, பேகம்" என்றார்.