செவுள் வெட்டாத கொடுவா

என் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, ஓரம் பழுப்பேறிவிட்டது. அதன் கீழே 1959 ஐப்பசி என்று தொடங்கி, தேதி, கிழமை, மழை, மீனின் நீளம், சுற்றளவு, வயிற்றில் சினை என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். குறையில்லாத குறிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். அந்த மீனால் ஒரு பெண் செத்துப்போனாள் என்பது மட்டும் அதில் இல்லை.

அவள் வீராம்பட்டினத்திலிருந்து வந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். மீன்காரம்மா என்றுதான் அழைப்பேன்; அவள் என்னைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்பாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறு ஆண்டு, 1955இல், அவளிடம் மீன் வாங்கத் தொடங்கினேன். நான் அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவன். எதைப் பார்த்தாலும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை, கப்பல், காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருந்தவனைக் கொடுவா மீன் பிடித்துக்கொண்டது. முகத்துவாரத்தில் தூண்டில் போடும் பிரெஞ்சுக்காரர்கள் வேறெந்த மீனுக்கும் அப்படிக் காத்துக் கிடக்கமாட்டார்கள். அது தண்ணீரில் நட்ட கழியின் நிழலில் அசையாமல் கிடக்கும். சிறு மடவை மீன் அருகே வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கரையில் கேட்கும். தூண்டிலில் மாட்டினால் முழு உடம்பும் வெளியே தெரியத் துள்ளி, செவுளால் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுப் போகும். ஆற்றில் வளர்ந்து, மழைவெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை உடைக்கும்போது முட்டையிட உப்புத் தண்ணீருக்கு இறங்கும்.

இவற்றில் பாதி புத்தகத்தில் படித்தது, பாதி மீன்காரம்மா சொன்னது. எனக்காக அவள் ஒவ்வொரு கொடுவாவின் வயிற்றையும் கீறி, உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் துண்டு போடுவாள். இரண்டு ஆண்டுக் குறிப்பில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சிறியவை எல்லாம் ஆண். பெரியவை எல்லாம் பெண். பெரிய ஆண்மீன்கள் ஆழ்கடலில் தங்கிவிடுகின்றன என்று ஊகித்து அவளிடம் சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்காரிக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

"ஆம்பளயெல்லாம் எங்க போச்சாம் முசே? கப்பலேறி சைகோனுக்குப் போயிடுச்சா? ரெண்டும் ஒரே மீனுதான். ஆம்பளயா பொறந்து, வளந்து, பொம்பளயா ஆவுது. நான் அறுக்காத வயிறா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. 'மீனவர் நம்பிக்கை' என்று எழுதி அடிக்கோடிட்டேன். பின்னாளில் மீனியல் நூல்களில் அதுவே பாடமாக வந்தது. அதைப் படித்தபோது அவள் இல்லை.

கொடுவாவின் செவுள்மூடியின் ஓரம் அரத்தின் பல்லும் கத்தியின் முனையும் சேர்ந்தது. அதனால் கூடையிலிருந்து எடுத்ததும் இரண்டு பக்கமும் அந்த ஓரத்தை வெட்டி எறிந்த பிறகே மீன்காரம்மா மற்ற வேலையைத் தொடங்குவாள். எனக்கு அது பெரிய குறை. தலை சிதையாத ஒரு முழு மீனை அளந்து வரைய வேண்டும் என்று ஆசை. அடுத்த பெரிய கொடுவாவைச் செவுள் வெட்டாமல் வைக்கச் சொன்னேன்.

"அது செவுளு இல்ல முசே, கத்தி," என்றாள். "செரி, உங்களுக்காவ ஒரு நாளு வெக்கிறேன். படத்துல என் கூடையையும் சேத்துப் போடுங்க."

சொன்னபடி வைத்திருந்தாள். முகத்துவாரம் உடைந்த வாரம், தூறல். நனைந்த சாக்கில் அவள் இடுப்புயர மீன், வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் தையல் நாடாவை விரிக்கும்போது, பெரிய வீட்டுச் சமையற்காரி ஒருத்தி வந்து நின்றாள்.

"நேத்து மீனா, இன்னிக்கி மீனா? செவுளு செவப்பக் காட்டு."

மீன்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபடியே செவுளுக்குள் கையை விட்டாள். ஓரம் வெட்டிய செவுளிலேயே விட்டுப் பழகிய கை அது. மீன் ஒருமுறை தலையை உதறியது. கட்டைவிரலின் அடி எலும்பு தெரியப் பிளந்தது.

"பொம்பளக்கிப் பொம்பள இப்பிடியா பண்ணுவ?" என்று மீனைத்தான் திட்டினாள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் காயத்தில் அப்பி, முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். துணி நனைந்து சொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "மீனு யாரு விப்பாங்க?" என்றாள். அப்புறம் அவள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "அளந்துட்டீங்களா? வரஞ்சிட்டீங்களா? அப்ப செவுள வெட்டிடட்டுமா?"

நான் இன்னும் வரைந்து முடிக்கவில்லை. "கொஞ்சம் இருங்கம்மா," என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அந்தக் கையாலேயே வயிற்றைக் கீறிச் சினையைக் காட்டினாள். ஒரு செதிலைப் பெயர்த்துத் தந்தாள்.

படத்துக்கு மை போடுவதில் என் மாலைகள் கழிந்தன. பத்தாம் நாள் அவளிடம் காட்டலாமென்று எடுத்துப் போனேன். அவள் இடம் காலியாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரி நிமிராமலே சொன்னாள்: "நேத்து எடுத்துட்டாங்க முசே. பல்லு கிட்டிப்போச்சு. வாயில தண்ணி எறங்கல. ஒடம்பு வில்லாட்டம் வளைஞ்சிதாம். காயத்துல வந்த ரண ஜன்னின்னாங்க." கூடையிலிருந்த மீனைப் புரட்டி வைத்து, "செவுள வெட்டாம அவ கொடுவாவத் தொட்டதே கெடயாது. அன்னிக்கி என்னா புத்தி மாறிச்சோ," என்றாள்.

நான் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். யாருடைய புத்தி என்று அவளிடம் சொல்லவில்லை. எவரிடமும் சொன்னதில்லை. 1962இல் ஊர் முறைப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது அதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். மூன்று ஆண்டு பின்னே புரட்டி ஒரு வரி சேர்க்கக் கை வரவில்லை.

இன்று காலை உருப்பெருக்கியை வைத்துச் செதிலைப் பார்த்தேன். மரத்தின் வெட்டுமுகம் போல அதில் வளையங்கள் இருக்கும். எண்ணினால் மீனின் வயது. ஏழு எண்ணினேன். ஓரத்தில், நான் இதுவரை மீனுடையது என்று எண்ணியிருந்த ஒரு கருத்த ரத்தக் கறை. அந்தப் பக்கத்தில் மீனைப் பற்றி எழுதாமல் விட்டது வயது ஒன்றுதான்; அதையும் எழுதிவிட்டேன். கீழே மீன்காரம்மாவைப் பற்றி எழுத இடம் விட்டு, பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நாலு ஆண்டு பேசியவளிடம் நான் பெயர் கேட்டதில்லை. வயதும் தெரியாது.